கோழி உடைச்ச விசிறியும் ஆறவைக்கிற பக்குவமும்

இன்னிக்கு கொஞ்சம் பிளாஸ்டிக் வரலாறு. ஓடிடாதீங்க, நடுவுல கோழியெல்லாம் வருது :)

1960களின் கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211 என்ற ஜெட் இன்ஜினை உருவாக்கிக்கிட்டு இருந்தாங்க. அதோட விசிறி இலைகளுக்கு ஹைஃபில்னு ஒரு கார்பன் ஃபைபர் காம்போசிட். டைட்டானியத்தை விட எடை கம்மி. பறவை மோதினா தாங்குமான்னு பாக்க, 1970 மே மாசம் ஒரு செத்த கோழியை வேகமா அதுமேல அடிச்சாங்க. விசிறி சுக்குநூறு! திரும்ப டைட்டானியத்துக்கே போக வேண்டியதாச்சு. செலவு ஏற்கனவே எகிறியிருந்த நிலையில், 1971 பிப்ரவரி 4 அன்னிக்கு கம்பெனி திவால். (பழியை முழுசா கோழி மேல போட்டுடாதீங்க.)

அந்தக் கால காம்போசிட்டில் ஃபைபரைப் பிடிச்சிருந்தது எபாக்சி மாதிரி பிசின்கள். ஒருதடவை இறுகினா திரும்ப உருகாது. விறைப்பு ஜாஸ்தி, ஆனா அடி விழுந்தா அடுக்கடுக்கா பிரிஞ்சுக்கும். 1978ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் பீக் என்ற தெர்மோபிளாஸ்டிக்கை உருவாக்கியது. சூடாக்கினா உருகும், ஆறினா இறுகும் ரகம். 1980களில் இதைக் கார்பன் ஃபைபரோட சேர்த்தாங்க. அடுக்குகளைப் பிரிக்க, பழைய எபாக்சி காம்போசிட்டை விட பல மடங்கு ஆற்றல் தேவைப்பட்டுச்சு.

பிரச்சினை தீர்ந்துச்சா? இங்கதான் மேட்டரே.

பீக் உருகுறது சுமார் 343 டிகிரி செல்சியஸில். அங்கேருந்து எவ்வளவு வேகமா ஆறுதுங்கறதைப் பொறுத்து குணமே மாறிடும். வீட்ல நெய் காய்ச்சினா பாத்திருப்பீங்க: மெதுவா ஆறினா மணல் மணலா உறையும், உடனே ஃப்ரிட்ஜில் வெச்சா வழவழன்னு இருக்கும். பீக்கும் மெதுவா ஆறினா உள்ளே படிகங்கள் அதிகமாகும். விறைப்பு கூடும், ஃபைபரை நல்லா பிடிச்சுக்கும், ரசாயனங்களைத் தாங்கும். ஆனா விரிசல் சுலபமா ஓடும். வேகமா ஆறினா அடி தாங்கும், மத்த நல்ல குணங்கள் குறையும். தடிமனான பாகம்னா இன்னும் தலைவலி. வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறும், நடுப்பக்கம் மெதுவா ஆறும். ஒரே துண்டுக்குள்ள ரெண்டு குணம்!

2005ல் முதல்முறை பறந்த ஏர்பஸ் ஏ380 இறக்கையின் முன்விளிம்பில், கண்ணாடி இழையும் பிபிஎஸ் என்ற தெர்மோபிளாஸ்டிக்கும் சேர்ந்த காம்போசிட்டைப் போட்டாங்க. பறவை நேரா வந்து மோதுற இடம் அது. 1970ல் கோழி கேட்ட கேள்விக்கு 35 வருஷம் கழிச்சு ஒரு பதில்னு எனக்குத் தோணுது.

பிளாஸ்டிக் விக்கிறவங்க தர்ற அட்டவணையில் இருக்கிற எண், அவங்க ஆறவெச்ச விதத்துக்கான எண். நம்ம அச்சில் வேற மாதிரி ஆறினா, அந்த எண் நமக்குச் சொந்தமில்லை. சரக்கைக் காசு குடுத்து வாங்கிடலாம், பக்குவத்தை நாமதான் கத்துக்கணும்.