காக்னியும் லேஸியும்: ரசிகர் கடிதங்களின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் மீது கொண்ட அபிமானத்தால், அந்தக் கதையை வெளியிடுகிறவர்களுக்குக் கடிதம் எழுதி முறையிடும் வழக்கம், மேல்நாடுகளில் துப்பறியும் கதைகளோடு கூடவே வளர்ந்தது என்று சொல்லலாம். 1893-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்திலுள்ள ரைகன்பாக் அருவியில் மாய்த்துவிட்டபோது, 'ஸ்டிராண்ட்' பத்திரிகையின் வாசகர்கள் அடைந்த ஆத்திரமும் துக்கமும் கடிதங்களாகக் குவிந்தன. பத்து வருஷம் கழித்து, 1903-இல், அவர் அந்தத் துப்பறிவாளரை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தொலைக்காட்சி வந்த பிறகு இவ்வழக்கம் அங்கேயும் குடியேறியது. 1968-இல், பீஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் முன்னின்று நடத்திய கடித இயக்கத்திற்குப் பின், 'ஸ்டார் டிரெக்' தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. நிறுவனம் தன் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. ஆயினும் 1983-இல், இரண்டு பெண் போலீஸ் அதிகாரிகளைப் பற்றிய ஒரு தொடருக்காக அமெரிக்க நேயர்கள் எழுதிய கடிதங்களுக்கு இவற்றுக்கெல்லாம் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. ஹோம்ஸுக்காக எழுதியவர்கள் தாங்கள் இழந்த ஓர் ஆனந்தத்தைத் திரும்பக் கேட்டார்கள். இவர்களோ, அதுவரை யாரும் காட்டியிராத தங்கள் சொந்த வாழ்க்கையைத் தங்கள் கண்ணெதிரிலிருந்து அகற்றிவிட வேண்டாம் என்று கேட்டார்கள்.

'காக்னி அண்ட் லேஸி' என்ற அந்தத் தொடருக்கு முன்பு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண் போலீஸ் இல்லாமற் போகவில்லை. 1957-இலேயே பெவர்லி கார்லண்ட் நடித்த 'டெக்காய்' வந்தது. 1974-இல் ஆஞ்சி டிக்கின்ஸன் நடித்த 'போலீஸ் வுமன்' பெரும் புகழ் பெற்றது. ஆனால் அவற்றில் பெண் பெரும்பாலும் மாறுவேஷம் பூண்டு குற்றவாளியின் கூட்டத்தில் நுழைகிறவளாகவே இருந்தாள். அவளுடைய அழகே அவளுடைய ஆயுதம். வெளியுலகிலோ நிலைமை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1972-இல் அமெரிக்காவில் வேலைவாய்ப்பில் சமத்துவத்தை வலியுறுத்தும் சட்டம் அரசாங்க ஸ்தாபனங்களுக்கும் விரிவாக்கப்பட்டதால், குழந்தைகளையும் பெண் கைதிகளையும் பார்த்துக்கொள்வதற்கே என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த பெண் காவலர்கள், ஆண்களோடு சமமாக ரோந்துக் காரில் ஏறி உட்காரத் தொடங்கினார்கள். தெருவில் கண்ட இந்தக் காட்சி திரைக்கு வந்து சேர இன்னும் பத்து வருஷம் பிடித்தது.

அப்படி வந்து சேர்ந்த வரலாறு ஒரு புஸ்தகத்தில் ஆரம்பிக்கிறது. திரைப்பட விமரிசகர் மாலி ஹாஸ்கெல் 1974-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஹாலிவுட் சினிமா பெண்களை நடத்திய விதத்தை ஆராய்ந்து, இரண்டு ஆண்களின் தோழமையைக் கொண்டாடும் படங்கள் மலிந்திருக்க, இரண்டு பெண்களின் தோழமைக்கு அத்தகைய இடம் தரப்படவே இல்லை என்று காட்டியிருந்தார். அதைப் படித்த தயாரிப்பாளர் பார்னி ரோசன்ஸ்வைக், எழுத்தாளர்களான பார்பரா ஏவ்டன், பார்பரா கார்டே என்ற இரு சிநேகிதிகளைக் கொண்டு ஒரு கதை எழுதுவித்தார். அவ்விருவரும் நியூயார்க்கில் பெண் காவலர்களோடு பழகி, அவர்கள் பேச்சையும் அலுப்பையும் நேரில் கண்டு எழுதினார்கள். சினிமாவாக எடுக்க முன்வருவார் இல்லாமல் அந்தக் கதை பல வருஷம் கிடந்து, கடைசியில் 1981 அக்டோபரில் சி.பி.எஸ். நிறுவனத்தில் ஒரு தொலைக்காட்சிப் படமாக வெளிவந்தது. மேரி பெத் லேஸியாக டைன் டேலியும் கிறிஸ்டீன் காக்னியாக லொரெட்டா ஸ்விட்டும் நடித்தார்கள். அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு அதைத் தொடராக்கத் தீர்மானித்தபோது, லொரெட்டா ஸ்விட் 'மாஷ்' தொடரின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தமையால், அவருக்குப் பதிலாக மெக் ஃபாஸ்டர் வந்தார். 1982 மார்ச்சில் தொடர் ஆரம்பமாயிற்று.

இங்கேதான் முதற் சங்கடம் நேர்ந்தது. ஆறு வாரத்திற்குள் தொடரை நிறுத்திவிட நினைத்த நிறுவனத்தாரிடம் தயாரிப்பாளர் மன்றாடி, மற்றுமொரு நாளில் வேறொரு நேரத்தில் ஒளிபரப்பச் செய்து, ஊர் ஊராக விளம்பரம் செய்து நேயர்களைத் திரட்டிக் காட்டினார். தொடர் பிழைத்தது, ஆனால் காக்னியாக நடிப்பவரை மாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு பிழைத்தது. அந்தப் பாத்திரங்கள் கடுமை மிகுந்தவை என்றும், குற்றவாளிகளைப் பிடிப்பதைவிடப் பெண் விடுதலைக்குப் போராடுவதிலேயே குறியாக இருக்கிறவை என்றும், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அதிகாரி கூறியதாக 'டிவி கைட்' பத்திரிகை எழுதிற்று. ஆண் துப்பறிவாளர் எத்தனை முரடராயினும் அதைக் குணச்சிறப்பாகக் கொண்டாடியவர்கள், பெண்ணிடம் அதில் ஒரு சிறு பங்கையும் சகிக்கவில்லை. மெக் ஃபாஸ்டருக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அவருடைய ஸ்தானத்தில் 1982 அக்டோபரில் ஷாரன் கிளெஸ் வந்து சேர்ந்தார்.

வந்தவர், அதிகாரிகள் எதிர்பார்த்தபடி சாந்த சொரூபியாக அமைந்துவிடவில்லை என்பது இக்கதையின் இனிய பகுதி. ஷாரன் கிளெஸ்ஸின் காக்னி, விவாகம் செய்துகொள்ளாதவள். பதவி உயர்வில் நாட்டம் உள்ளவள். போலீஸ்காரராகவே வாழ்ந்து ஓய்வு பெற்ற தகப்பனாரின் மீது பக்தியும், அவரைப் போலவே மதுவின் மீது பலவீனமும் உடையவள். டைன் டேலியின் லேஸி, கட்டட வேலைக்காரரின் மனைவி. குழந்தைகளின் பள்ளிக்கூடக் கவலையையும் வீட்டு வாடகைக் கவலையையும் துப்பாக்கியோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வேலைக்கு வருகிறவள். போலீஸ் நிலையத்தில் அவ்விருவரும் மனம் விட்டுப் பேசுவதற்குக் கிடைத்த இடம் பெண்களின் கழிவறை ஒன்றே. சுவரோரம் சாய்ந்து நின்று ஒருத்தி பேச, கை கழுவும் தொட்டியின் மேலுள்ள கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடியே மற்றவள் பதில் சொல்ல, கொலை வழக்கின் சாட்சியமும், கணவனோடு நேர்ந்த சச்சரவும், மேலதிகாரியின் அலட்சியமும் அங்கேதான் அலசப்படும். ஆண்கள் நிறைந்த அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் அந்த அறையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் 1983-இன் வசந்த காலத்தில் சி.பி.எஸ். தொடரை ரத்து செய்தது. அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியின் தலைவிதியை நிர்ணயித்தது நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. நாடு முழுவதிலும் தேர்ந்தெடுத்த இரண்டாயிரத்துக்கும் குறைவான இல்லங்களில் பொருத்தப்பட்டிருந்த கருவிகள், தொலைக்காட்சிப் பெட்டி ஓடுகிறதா, எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுமேயன்றி, எதிரே உட்கார்ந்திருப்பவர் தூங்குகிறாரா, கண்ணீர் வடிக்கிறாரா என்று அறியமாட்டா. நிகழ்ச்சியை இத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்று சொல்லக்கூடிய அந்தக் கணக்குக்கு, அது இல்லாவிட்டால் எத்தனை பேர் வருந்துவார்கள் என்று சொல்லும் சக்தி கிடையாது.

அந்தக் குறையைக் கடிதங்கள் நிரப்பின. ரோசன்ஸ்வைக் மிகுந்த சாமர்த்தியசாலி. தமக்கு வந்த ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதியபோது, நன்றி சொன்னதோடு நில்லாமல், நிறுவனத்தின் தலைவர்களுக்கும் செய்தித்தாள்களின் தொலைக்காட்சி விமரிசகர்களுக்கும் எழுதும்படி கேட்டுக்கொண்டார். பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டுவந்த தேசிய மகளிர் சங்கமும் துணை நின்றது. ஆனால் தூண்டுகிறவர் இருந்தார் என்பதனால் அக்கடிதங்களின் சத்தியம் குறைந்துவிடாது. எழுதியவர்களில் மிகப் பலர் வேலைக்குப் போகும் பெண்கள். இல்லத்தரசிகளும் ஆண்களும் இருந்தார்கள். நடிகையின் ஆடையையோ கூந்தலையோ பற்றி எழுதுவதை விட்டு, தங்கள் உத்தியோகம், தங்கள் சிநேகிதி, தங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் என்று எழுதினார்கள். இந்தக் கடிதங்கள் தயாரிப்பாளரிடம் பத்திரமாக இருந்தன. பின்னாளில் ஜூலி டாச்சி என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைப் படித்து, 1994-இல் இத்தொடரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

கோடையில் பழைய அத்தியாயங்களை மறுபடி ஒளிபரப்பியபோது பார்ப்பவர் தொகை ஏறிற்று. செப்டம்பரில், நிறுத்தப்பட்டுவிட்ட அந்தத் தொடரில் நடித்ததற்காக டைன் டேலிக்குச் சிறந்த நடிகைக்குரிய எம்மி பரிசு கிடைத்தது. தான் வேண்டாமென்று தள்ளிய நிகழ்ச்சியின் நாயகி தேசமே பார்க்கப் பரிசு வாங்குவதைக் கண்ட நிறுவனம், ஏழு அத்தியாயங்களுக்கு மட்டும் உத்தரவு கொடுத்தது. 1984 மார்ச் 19-ஆம் தேதி காக்னியும் லேஸியும் திரும்பி வந்தார்கள். 1988 மே மாதம் வரையில் இருந்தார்கள். மொத்தம் 125 அத்தியாயங்கள். 1983 தொடங்கி 1988 முடிய ஆறு வருஷமும் நாடகத் தொடரின் சிறந்த நடிகைக்குரிய எம்மி இவ்விருவரையும் விட்டு வெளியே போகவில்லை: டேலிக்கு நான்கு முறை, கிளெஸ்ஸுக்கு 1986-லும் 1987-லும். டேலி கர்ப்பமுற்றபோது லேஸியையும் கர்ப்பிணியாக்கிக் கதையை அமைத்தார்கள். வயிற்றை மேஜைக்குப் பின்னால் மறைக்கும் பழைய தந்திரத்தை அவர்கள் கையாளவில்லை. லேஸியின் மார்பில் தோன்றிய கட்டியும், தகப்பனார் இறந்தபின் காக்னி குடிப்பழக்கத்தில் விழுந்து எழுந்த கதையும், குற்றக் கதையின் வரம்பை அக்காலத்தில் யாரும் எண்ணாத அளவுக்கு விரித்துவிட்டன. அந்தக் குடிகாரக் காக்னியின் அத்தியாயங்களில் கிளெஸ் காட்டிய நடிப்பு, தொலைக்காட்சி தந்த மிகச் சிறந்த நடிப்புக்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

கடிதம் எழுதியவர்களுள் டாரதி ஸ்வான்ஸன் என்ற மிச்சிகன் பெண்மணி அத்தோடு ஓயவில்லை. 1984-இல் 'தரமான தொலைக்காட்சிக்கான நேயர்கள்' என்ற சங்கத்தை நிறுவி, செய்தி மடல் நடத்தி, நல்ல தொடர்கள் கைவிடப்படும் போதெல்லாம் உறுப்பினர்களை எழுதத் தூண்டினார். 2000-ஆம் வருஷம் வரை அச்சங்கம் நடந்தது.

அபிமானம் விபரீதமாகத் திரிந்த சம்பவத்தையும் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்கு நியாயமாகாது. 1990-இல் ஷாரன் கிளெஸ்ஸின் மீது பித்துக்கொண்ட ஒரு பெண் துப்பாக்கியோடு அவருடைய வீட்டுக்குள் புகுந்து, பல மணி நேரம் போலீஸாருக்குப் பணியாமல் இருந்தாள்; கிளெஸ் அங்கே இல்லாதது தெய்வாதீனம். அதே வருஷத்தில்தான், ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா இயற்றியது.

எனினும் அந்தக் கடிதங்களின் வம்சம் நல்ல வழியிலேயே தழைத்தது. 1999 செப்டம்பரில் என்.பி.சி.யில் ஆரம்பித்த 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடரில், பாலியல் குற்றங்களைப் புலனாய்வு செய்யும் ஒலிவியா பென்ஸனாக மரிஸ்கா ஹார்கிடே நடிக்கத் தொடங்கியபோது, அவருக்கு வந்த ரசிகர் கடிதங்கள் வேறு விதமாக இருந்தன. கையெழுத்துப் படம் கேட்பதற்கு மாறாக, தங்களுக்கு நேர்ந்த கொடுமையை, அதுவரை வேறொருவரிடமும் சொல்லாததை, எழுதியிருந்தார்கள். கதையில் வரும் அதிகாரி தங்களை நம்புவாள் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அக்கடிதங்களைப் படித்துவிட்டு மறுநாள் ஒப்பனை செய்துகொண்டு வசனம் பேசுவதோடு இருந்துவிட ஹார்கிடேயால் முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை கூறும் பயிற்சியை முறையாகப் பெற்று, 2004-இல் 'ஜாய்ஃபுல் ஹார்ட்' என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

பாலாத்காரத்துக்கு ஆளானவர்களின் உடலிலிருந்து மருத்துவமனையில் பல மணி நேரம் செலவிட்டுச் சேகரிக்கும் தடயப் பெட்டிகள், பரிசோதனைக்கே அனுப்பப்படாமல் போலீஸ் கிடங்குகளில் தேங்கிக் கிடக்கும் கொடுமையை எதிர்ப்பதை அந்த ஸ்தாபனம் பின்னாளில் தன் முக்கியக் காரியங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 2009-இல் டெட்ராய்ட் நகரக் கிடங்கு ஒன்றில் அத்தகைய பெட்டிகள் 11,000-க்கு மேல் இருப்பது தெரியவந்தபோது, அவ்வட்டாரத்து அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி அவற்றையெல்லாம் பரிசோதித்தே தீருவதென்று நின்றார். ஹார்கிடேயின் ஸ்தாபனம் அவரோடு சேர்ந்து நின்று, 2017-இல் இவ்விஷயத்தைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப் படமும் வெளியிட்டது. அடைத்து வைத்திருந்த பெட்டிகளைத் திறந்து பரிசோதித்ததில், ஒருவனே பல பெண்களுக்குத் தீங்கு செய்திருந்த வழக்குகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. டெட்ராய்ட்டில் குற்றம் செய்தவனின் அடையாளம் வேறு பல ராஜ்யங்களின் வழக்குகளிலும் பொருந்தியது.