டச்பேடும் அப்பா வாங்கின மவுஸும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன் மக்களே. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கத்துல காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்க அரக்கோணத்திலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரம்தான். 2014ல் ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைத்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

லினக்ஸில் டச்பேடைத் தட்டினால் க்ளிக் ஆகவில்லை. ரிப்பேர்னு நினைத்து அப்பா 250 ரூபாய்க்கு மவுஸ் வாங்கி வந்தார். காலேஜ் போனப்புறம்தான் விஷயம் புரிந்தது. தனியாக பட்டன் உள்ள டச்பேடு என்றால், தட்டும் வசதியை சினாப்டிக்ஸ் டிரைவரே அணைத்துத்தான் வைத்திருக்கும். டெர்மினலில் ஒரு வரி அடித்தால் போதும். (மறுபடி பூட் செய்தால் அதையும் மறந்துடும், ஸ்டார்ட்அப்பில் போட்டு வைக்கணும்!)

மூணு விரல் கதை இன்னும் இழுவை. 2015லேயே லிப்இன்புட் விரல் சைகைகளைக் கண்டுகொண்டது. ஆனால் 1984ல் பிறந்த எக்ஸ் விண்டோவில் அதை மற்ற நிரல்களுக்குச் சொல்ல வழியே இல்லை. லிப்இன்புட்-ஜெஸ்சர்ஸ் மாதிரி நிரல்கள் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டு, கீபோர்டு ஷார்ட்கட்டாக மாற்றிக் கொடுத்தன. வேலை நடக்கும். ஆனால் திரை விரலோடு கூடவே நகராது, தேய்த்து முடித்தபின் பொத்தென்று மாறும். 2021 மார்ச்சில் வந்த க்னோம் 40, வேலண்டில் இதைச் சரியாகச் செய்தது. எக்ஸுக்கு அந்த வழி கிடைத்தது அதே வருஷம் அக்டோபரில், 21.1 பதிப்பில்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, மூணு விரலால் திரையைத் தள்ளி அப்பாவிடம் காட்டினேன்.

"அந்த மவுஸ் எங்கடா?" என்றார் :)