அசைவற்ற முயலுக்கு இட்ட பெயர்: கொச்சியின் அமெல்பொடியிலிருந்து செரோடோனின் ஆய்வு வரை

செரோடோனின் என்னும் சொல் இன்று மனநிலையின் மறுபெயர்போல் வழங்கி வருகிறது. அது குறைந்தால் சோர்வு, கூடினால் மகிழ்ச்சி என்ற வாய்பாடு பாடநூல்களிலிருந்து விளம்பரங்கள் வரை பரவியுள்ளது. இவ்வாய்பாட்டின் வேரைத் தேடிச் செல்வோர் 1950களின் ஆய்வுக்கூடங்களில் அசையாமல் கிடந்த சில முயல்களிடம் வந்து சேர்வர். அம்முயல்களுக்குச் செலுத்தப்பட்ட மருந்து ஓர் இந்தியச் செடியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அச்செடியின் மலையாளப் பெயரை ஐரோப்பிய அச்சில் ஏற்றியதோ, அம்முயல்களுக்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன் கொச்சியில் உருவான ஒரு நூல். செடிக்கும் முயலுக்கும் மனித மனத்துக்கும் இடையே நிகழ்ந்தவற்றை மொழிபெயர்ப்புகளாகக் கொண்டு வாசித்தால், செரோடோனின் ஆய்வின் வலிமையும் வழுவும் ஒருங்கே தெளிவாகின்றன.

1663 சனவரியில் டச்சுக்காரர் கொச்சிக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். மட்டாஞ்சேரியில் கொச்சி அரசருக்குப் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்திருந்த அரண்மனையைப் புதிய ஆட்சியாளர் செப்பனிட்டதால், அது இன்றளவும் டச்சு அரண்மனை என்றே அழைக்கப்படுகிறது. 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் இந்நிலத்தின் செடிகொடிகளைத் தொகுக்க முனைந்தார். அதன் விளைவே 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்’. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து ஏட்டுச்சுவடிகளின் துணையுடன் இந்நூலுக்கான அறிவை வழங்கினார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்களும் உடனிருந்தனர். கோவாவிலிருந்து வெளியேறிய கொங்கணி மக்கள் கொச்சி அரசரின் ஆதரவில் மட்டாஞ்சேரிப் பகுதியில் குடியேறியிருந்த காலம் அது.

இந்நூல் உருவான முறை மொழியியல் நோக்கில் தனிக் கவனத்துக்குரியது. இட்டி அச்சுதன் மலையாளத்தில் கூறியதை மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அதிலிருந்து செயலர் வான் டோனெப் இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். அறிவு இவ்வாறு இரண்டு மொழி எல்லைகளைக் கடந்தே அச்சேறியது. ஆயினும் அக்கடத்தல் மறைக்கப்படவில்லை. இட்டி அச்சுதன் 1675இல் கோலெழுத்தில் தந்த சான்றுரை, கொங்கணி வைத்தியர்கள் நாகரி எழுத்தில் தந்த சான்றுரை, கார்னெய்ரோவின் சான்றுரை ஆகியன முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டுள்ளன. யார் சொன்னார், யார் பெயர்த்தார் என்பதை வாசகர் நூலின் வாயிலிலேயே அறியலாம். இச்செய்தியை நினைவில் இருத்துவது நன்று. செரோடோனினின் வரலாற்றில் இதுவே விடுபட்டுப் போயிற்று.

ஆறாம் தொகுதியில் ‘சொவன்ன அமெல்பொடி’ என்னும் செடி இடம்பெறுகிறது. முதற்சொல் சிவப்பைக் குறிக்கும் ‘சுவன்ன’ என்பதன் டச்சு எழுத்துக்கூட்டல். தமிழில் இதற்குச் ‘சிவன் அமல்பொடி’ என்ற பெயர் உண்டு. சிவப்பைக் குறித்த அடைமொழி மக்கள் வழக்கில் சிவனாகியிருக்க வாய்ப்பு மிகுதி. வடமொழியில் இது சர்ப்பகந்தா. லின்னேயஸ் 1753இல் இதனைப் பாம்பைச் சுட்டும் இலத்தீன் பெயரால் வகைப்படுத்தினார். இன்றைய தாவரவியல் பெயரான ரவுவோல்ஃபியா செர்ப்பெண்டினாவின் முற்பகுதி, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுவோல்ஃபை நினைவுகூர்கிறது. நிறம், தெய்வம், பாம்பு, அயல்நாட்டு மருத்துவர் என ஒவ்வொரு பெயரும் செடியின் வெவ்வேறு முகத்தைப் பற்றிக்கொண்டது. பீகார்ப் பகுதியிலோ அது ‘பாகல் கி தவா’, அதாவது பித்தருக்கான மருந்து.

1931இல் இச்செடி நவீன வேதியியலுக்குள் நுழைந்தது. தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசைன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து சில அல்கலாய்டுகளைப் பிரித்தனர். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் பயன்படுவதை எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளர்கள் 50 பேரிடம் இதனைப் பயன்படுத்திய முடிவுகளைப் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். 1952இல் பாசலில் சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரெசெர்ப்பின் என்னும் வீரியப் பொருளைத் தனித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க்கின் ராக்லண்ட் மருத்துவமனையில் நேத்தன் கிளைன் அதனை மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன.

இதற்கிடையே செரோடோனின் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது. 1948இல் கிளீவ்லண்டில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் மாட்டின் இரத்தநீரிலிருந்து குருதிக்குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்தனர். இரத்தநீரைக் குறிக்கும் ‘சீரம்’ என்பதையும் இறுக்கத்தைக் குறிக்கும் ‘டோன்’ என்பதையும் இணைத்து அதற்குப் பெயரிட்டனர். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமெர் குடல் திசுவில் கண்டு ‘என்டெரமின்’ என அழைத்து வந்த பொருளும் இதுவே என்பது 1952இல் உறுதியாயிற்று. இரு பெயர்களில் எதிலும் மூளை இல்லை, மனமும் இல்லை.

மூளையில் அதனைத் தேடத் தூண்டியது ஒரு சிப்பி. கேரளக் கரையோரத்தார் கல்லும்மக்காய் என்று சமைத்துண்ணும் சிப்பியின் குடும்பத்தைச் சேர்ந்த மிட்டிலஸ் என்னும் உயிரியின் தசையைப் பெட்டி டுவாராக் ஆராய்ந்து வந்தார். இறுகி நிற்கும் அத்தசையைச் செரோடோனின் தளர்த்தியது. முதுகெலும்பற்ற உயிரியில் நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருள் முதுகெலும்பிகளின் மூளையிலும் இருக்கவேண்டும் என அவர் கருதினார். பேஜின் ஆய்வுக்கூடத்தில் நாய், எலி, முயல் ஆகியவற்றின் மூளைகளில் அதனைக் கண்டறிந்து 1953இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜான் காடமும் உடனாய்வாளரும் நாயின் மூளையில் அது எப்பகுதிகளில் செறிந்துள்ளது என அளந்தனர். அதே ஆண்டு வூலி, ஷா இருவரும் எல்எஸ்டி செரோடோனினின் செயலைத் தடுப்பதைச் சுட்டி, மனநோய்க்கும் இப்பொருளுக்கும் தொடர்பிருக்கலாம் என்றனர்.

செடியின் வழியும் செரோடோனினின் வழியும் சந்தித்த ஆண்டு 1955. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் கூடத்தில் ஆல்ஃப்ரட் பிளெட்ஷர், பார்க்ஹர்ஸ்ட் ஷோர், பிராடி ஆகியோர் முயல்களுக்கு ரெசெர்ப்பினைச் செலுத்தினர். மூளைச் செரோடோனினின் பெரும்பகுதி இல்லாமற் போயிற்று. ஒளிர்வை அளக்கும் புதிய கருவி ஒன்று அங்கு உருவாகியிருந்ததால் இதனை அளவிட முடிந்தது. மருந்து மூளையிலிருந்து நீங்கிய பின்னரும் செரோடோனின் தாழ்ந்தே இருந்தது. முயலும் மயங்கியே கிடந்தது. ஆகவே, மயக்கத்துக்குக் காரணம் செரோடோனினின் மாற்றமே என்னும் முடிவு இயல்பாகத் தோன்றியது. மூளையின் ஒரு வேதிப்பொருளில் நேர்ந்த மாற்றம் நடத்தையோடு அளவீட்டின் வழி இணைக்கப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இது தலையாயது.

ஆயினும் அம்முயல்களிடம் உண்மையில் காணப்பட்டவை எவை? இமை தாழ்ந்திருந்தது. கண்மணி சுருங்கியிருந்தது. உடல் அசையவில்லை. இவற்றுக்கு அப்பாற்பட்ட அனைத்தும் பார்த்தவர் வழங்கிய சொற்கள்.

அச்சொற்கள் மூன்று. மனநல மருத்துவர் இதனை ‘அமைதி’ என வாசித்தனர். ரெசெர்ப்பின் அமைதியூட்டும் மருந்தாக விற்பனையாயிற்று. இரண்டாவது வாசிப்பு பிராடியின் கூடத்தில் பயின்று சுவீடன் திரும்பிய அர்விட் கார்ல்சனுடையது. 1956இல் மார்த்தே ஃபோக்ட்டும் ஹோல்ட்ஸ்பாவரும் ரெசெர்ப்பின் நாரட்ரீனலினையும் குறைப்பதைப் பூனையின் மூளையில் காட்டியிருந்தனர். 1957இல் கார்ல்சன் குழுவினர் ரெசெர்ப்பினால் அசைவிழந்த விலங்குகளுக்குச் செரோடோனினின் முன்பொருளைக் கொடுத்தனர்; அவை எழவில்லை. டோபாவைக் கொடுத்தனர், எழுந்தன. அடுத்த ஆண்டு டோபமின் மூளையில் தனித்து இயங்கும் பொருள் எனக் காட்டினர். முயலின் கிடை இப்போது பார்க்கின்சன் நோயின் அசைவின்மையாக வாசிக்கப்பட்டது. இவ்வாசிப்பே 2000ஆம் ஆண்டு நோபல் பரிசுவரை சென்றது.

மூன்றாவது சொல் ‘மனச்சோர்வு’. இரத்த அழுத்தத்துக்காக ரெசெர்ப்பின் உண்ட சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதாக அறிக்கைகள் வந்தன. அவற்றோடு முயலின் அசைவின்மை இணைக்கப்பட்டது. 1965இல் ஜோசஃப் ஷில்ட்கிராட் நாரட்ரீனலின் முதலியவற்றின் குறைவையும், 1967இல் அலெக் காப்பன் செரோடோனினின் குறைவையும் மனச்சோர்வோடு தொடர்புபடுத்தினர். இவ்விணைப்புக்கு எதிரான சான்று முன்னரே அச்சிலிருந்தது. 1955இல் டேவிஸ், மைக்கேல் ஷெப்பர்டு இருவரும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளருக்கு ரெசெர்ப்பினைச் சோதித்து, அது நன்மை தந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதினர். அக்கட்டுரை நெடுங்காலம் கண்டுகொள்ளப்படவில்லை.

ஒரே முயல், ஒரே கிடை, மூன்று பெயர். வேதியியல் அளவீடு மூன்றிலும் பிழையற்றது. ரெசெர்ப்பின் செரோடோனின், நாரட்ரீனலின், டோபமின் ஆகிய மூன்றையும் நரம்பணுவின் நுண்பைகளில் சேமிக்கவிடாமல் தடுக்கிறது என்பது பின்னர் விளங்கியது. பிழைக்கு இடமளித்தது அளவீட்டிலிருந்து சொல்லுக்குச் சென்ற அடி. அந்த அடியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், சான்றுரை இல்லை.

இவ்வழக்கம் முயலோடு நிற்கவில்லை. 1977இல் ரோஜர் போர்சோல்ட் எலிகளை நீர் நிறைந்த உருளையில் விட்டுப் பார்த்தார். நீந்தித் தவித்த எலி, சிறிது நேரத்தில் தலையை மட்டும் நீருக்குமேல் வைத்து மிதந்தது. மனச்சோர்வு மருந்துகள் அம்மிதப்பைக் குறைத்தன. இம்மிதப்புக்கு ‘நடத்தைசார் நம்பிக்கையிழப்பு’ எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. தப்ப வழியில்லை எனக் கற்றுக்கொண்டு ஆற்றலைச் சேமிக்கும் எலி என்றும் அதே காட்சியை வாசிக்கலாம். வியப்பு என்னவெனில், செரோடோனினை மட்டும் குறிவைக்கும் மருந்துகள் எலிகளில் இச்சோதனையின் தொடக்க வடிவத்தில் தெளிவாக வெளிப்படவில்லை. 1990களில் நீந்துதலையும் சுவரில் ஏற முயலுதலையும் பிரித்து எண்ணத் தொடங்கிய பின்னரே, அவை நீந்துதலைக் கூட்டுவது தெரிந்தது. பொதுப்பெயர் மறைத்ததை நுணுக்கமான விவரிப்பு வெளிக்கொணர்ந்தது.

பிற உயிரிகளை நோக்கினால் ‘மகிழ்ச்சிப் பொருள்’ என்னும் வாய்பாடு மேலும் தளர்கிறது. 1980இல் எட்வர்ட் கிராவிட்ஸ் குழுவினர் சிங்கிறாலுக்குச் செரோடோனினைச் செலுத்தியபோது, அது வென்ற இறாலைப் போல் உடலை உயர்த்தி நின்றது. 1996இல் டொனால்டு எட்வர்ட்ஸ் குழுவினர் நன்னீரில் வாழும் கிரேஃபிஷ்களிடம் கண்டது இதனினும் நுட்பமானது. தப்பியோடச் செய்யும் நரம்பணுவின் துலங்கலைச் செரோடோனின் ஆதிக்கம் பெற்ற உயிரியில் கூட்டியது. அடங்கி வாழும் உயிரியில் குறைத்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு, தனித்துத் திரியும் பாலைவன வெட்டுக்கிளி கூட்டமாக மாறுவதைச் செரோடோனின் தூண்டுவதைக் காட்டியது. சொல்லின் பொருளைச் சூழலே தீர்மானிக்கிறது என்பது மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடம். செரோடோனினும் அத்தன்மையதே: உயிரியின் சமூக நிலை, உடல்நிலை, ஏற்பியின் வகை ஆகியன சேர்ந்தே அதன் விளைவுக்குப் பொருள் தருகின்றன.

கொச்சியிலும் இவ்வாய்வு மரபு தொடர்ந்தது. களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சி. எஸ். பௌலோஸ் வழிகாட்டிய ஆய்வாளர்கள், கணையத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட எலிகளில் அவ்வுறுப்பு மீண்டும் வளரும்போது ஹைப்போதலாமசின் செரோடோனின் ஏற்பிகள் எவ்வாறு மாறுகின்றன என ஆராய்ந்தனர். இங்கே மகிழ்ச்சியும் இல்லை, சோர்வும் இல்லை. ஏற்பியின் எண்ணிக்கையும் பிணைப்பு வலிமையும் அளக்கப்பட்டன. உறுப்பின் வளர்ச்சி காணப்பட்டது. சொல் அளவீட்டின் எல்லைக்குள்ளேயே நின்றது.

2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜோவன்னா மான்கிரீஃப் தலைமையிலான குழு முந்தைய தொகுப்பாய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, செரோடோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்குச் சீரான சான்று இல்லை என்றது. அம்முடிவை மறுத்தும் ஆய்வாளர் பலர் எழுதினர். மருந்துகள் பயன் தருகின்றனவா என்பது வேறு வினா. அதற்கு விடை மருத்துவச் சோதனைகளில் தேடப்பட வேண்டியது, இவ்விவாதத்தைக் கொண்டு எவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவது தீங்கானது. இவ்விவாதம் வேறொன்றைத் தெளிவாக்குகிறது. முயலின் தாழ்ந்த இமையிலிருந்து மனிதரின் துயரம் வரையிலான பாதையில் எத்தனை பெயர்ப்புகள் நடந்தன என்பது எங்கும் பதிவாகாததால், எந்த அடியில் ஐயம் கொள்வது என்பதே வழக்காயிற்று.

‘ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்’ பிழையற்ற நூலன்று. காலனிய வணிகத்தின் தேவையிலிருந்தும் அது பிரிக்க முடியாதது. எனினும் 1675இல் கொச்சியில் எழுதப்பட்ட அச்சான்றுரைகளால் அதன் ஒவ்வொரு கூற்றையும் பின்னோக்கித் தடம்பற்ற முடிகிறது. கேரளத் தாவரவியலர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அச்செடிகளை மீண்டும் அடையாளம் கண்டு, 2003இல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதும் அவ்வாறு தடம்பற்ற முடிந்ததால்தான். விலங்காய்வு குறித்து எழுதுவோருக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். விலங்கு செய்தது எது, கருவி அளந்தது எது, ஆய்வாளர் இட்ட பெயர் எது என்னும் மூன்றையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதினால் போதும். மூன்றாவது வாக்கியம் நாளை மாறினாலும் முதலிரண்டும் நிலைக்கும்.