சுழற்சி நின்றால் சுடரும் சாயங்கள்

நீரில் மங்கிக் கிடந்து, கிளிசரினில் பளிச்சென்று ஒளிரும் சில சாயங்களைக் கொண்டு உயிரணுவின் உள்ளே பாகுத்தன்மையை அளக்கிறார்கள். இவற்றைப் பாகுமானிகள் என்று மட்டும் எண்ணினால் இவற்றின் வரலாறும் புரியாது, இவை தரும் எண்களின் பொருளும் புரியாது. முதலில் இவை துணிச் சாயங்கள். மஞ்சள் நிற ஆரமினும், நம் வீடுகளில் புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்தின் கிரிஸ்டல் வயலெட்டும், 1883இல் ஹைன்ரிக் காரோ, ஆல்ஃப்ரெட் கெர்ன் ஆகியோரின் கைவண்ணத்தில் பிறந்தவை. ஒளியை நன்றாக உட்கொள்ளும் இவை நீரில் ஏன் ஒளிர்வதில்லை என்று சாயப்பட்டறைக்காரர் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் ஒளிவேதியியலாளர்கள். 1956இல் ஆஸ்டரும் நிஷிஜிமாவும் ஆரமினை ஆராய்ந்து, மூலக்கூறின் வளையங்கள் சுழல்வதில் ஒளியாற்றல் கரைந்துவிடுகிறது என்றும், சுற்றிலும் கெட்டியான திரவம் அந்தச் சுழற்சியைத் தடுத்தால் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது என்றும் விளக்கினார்கள். 1971இல் ஃபார்ஸ்டரும் ஹாஃப்மனும் கிரிஸ்டல் வயலெட் குடும்பச் சாயங்களில் இதற்குக் கணக்கு கண்டார்கள்: ஒளிர்திறன் பாகுத்தன்மையின் மூன்றில் இரண்டு அடுக்காக உயர்கிறது. பாகு எட்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. பின்னால் வந்த அளவீடுகளுக்கெல்லாம் அடித்தளம் இந்த எளிய உறவுதான். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி ‘திரவம் எவ்வளவு கெட்டி?’ என்பதல்ல, ‘ஒளி எங்கே போகிறது?’ என்பதே.

பிரான்சிஸ் பெரான் 1926இலேயே ஒளிர்வின் முனைவாக்கத்தைப் பாகுத்தன்மையோடு இணைத்துவிட்டாரே, இதில் புதிதென்ன என்று கேட்கலாம். பெரானின் கணக்கில் உருள்வது முழு மூலக்கூறு. இங்கே திரும்புவது அதன் ஓர் உறுப்பு மட்டும். எனவே இச்சாயம் உணர்வது தன்னை ஒட்டிய மிகச் சிறு இடத்தின் இறுக்கத்தைத்தான். இன்னொரு மறுப்பு கனமானது: ஓரிடம் பிரகாசமாகத் தெரிந்தால் அங்கே பாகு மிகுந்திருக்கிறதா, சாயம்தான் அதிகம் சேர்ந்திருக்கிறதா? இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஒளிர்வு நீடிக்கும் நேரத்தை அளக்கும் முறை. அந்த நேரம் சாயத்தின் செறிவைப் பொறுத்ததல்ல. லண்டனில் குய்மோவா, சூலிங் குழுவினர் 2008இல் போடிபை வகைச் சுழலியை, அதாவது உறுப்பு சுழலும் இத்தகைய சாயமொன்றைக் கொண்டு உயிருள்ள உயிரணுக்களை இப்படி அளந்தபோது, நீரைப்போல் ஏறத்தாழ 140 மடங்கு பாகுத்தன்மை கிடைத்தது. உயிரணுவின் நீர்மப் பகுதி இவ்வளவு கெட்டியாக இருக்க முடியாதே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அந்தச் சாயம் கொழுப்பை விரும்புவது. அது குடியேறிய மூலைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. முழு உயிரணுவுக்கும் ஒரே எண்ணை எதிர்பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது.

இவை வெறும் பாகுமானிகள் அல்ல என்ற வாதத்துக்கு வலுவான சான்று தயோஃபிளேவின் டி என்ற சாயம். அமிலாய்டு எனப்படும் புரதப் படிவுகளைக் காட்ட 1959இல் வாசரும் கல்லிங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். அது ஏன் அங்கே ஒளிர்கிறது என்பதற்குச் சுழலி விளக்கம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. நோயியலாளர் பார்த்துவந்த அந்த ஒளிக்கும் பாகான திரவத்துக்கும் தொடர்பில்லை. புரத இழைகளின் பள்ளங்களில் சிக்கி, சாயத்தால் திரும்ப முடியாமல் போவதே காரணம்.