மலையேறிய கட்டணம்

நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874-ம் ஆண்டிலாகும். மிஷன் பாடசாலை வாங்கில் இருந்து ஸ்டீவன்சன் துரையின் நீராவி இயந்திரத்தை நெட்டுருப் பண்ணிய நாம், நமது ஊரிலே கூவிச் செல்லும் வண்டியின் சரித்திரத்தை அறிந்தது வெகுநாட் கழித்தே.

அவ்வண்டி சனங்களை ஏற்றவென்று வந்ததன்று. கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியிலே கொழும்புக்கு இறக்குவதற்குச் செலவும் நாளும் மிகுந்தமையால், தோட்டத் துரைமார் விடாது வற்புறுத்த, 1867-ல் கண்டி வரையும் பாதை போடப்பட்டது. பேராதனையிற் பிரிந்த பாதை நம் ஊரை அடைந்து, பல ஆண்டுகள் இங்கேயே நின்றது. 1885-ல் அது நானுஓயாவைத் தொட்டபோது கோப்பி நோயால் மடிந்து, தேயிலை தலையெடுத்துவிட்டது. அக்கோப்பியை நட்டு வளர்த்த நம் முன்னோரோ மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். மூட்டைக்கு வண்டி, மனிதனுக்குக் கால்!

வண்டிக் கட்டணம் சோற்றோடு சேர்ந்த விஷயம் என்பதை 1953-ம் ஆண்டு காட்டிற்று. பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. கூடவே ரயில் கட்டணமும் உயர்ந்தது. ஆகஸ்ட் 12-ல் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமுள்ள பாதையின் வருமானத்தைக் கொண்டு இலாபமற்ற பாதையிலும் பஸ் ஓட்டலாம் என்பதே அதன் நியாயம். 1979-ல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன.

எரிபொருள் முடை புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தமிழ்நாட்டில் பஸ்ஸின் பின்புறத்தே அடுப்புப் பூட்டி, கரிவாயுவால் ஓட்டினார்கள். நமக்கு 2022-ல் அந்த உபாயமும் இல்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. பஸ்ஸின் மிகக் குறைந்த கட்டணம் ஜூலையில் 40 ரூபா. தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு, அதன்படியே நாளொன்றுக்கு 160 ரூபா. கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியோ 1,000 ரூபா!

ரயில் கட்டணம் மட்டும் ஜூலை வரை உயரவில்லை. ஒரே இயந்திரம் நூற்றுக்கணக்கானோரை இழுப்பதால் தலைக்கு ஆகும் எண்ணெய் சொற்பம். நஷ்டத்தைத் திறைசேரி தாங்கிற்று. தாங்கட்டுமே! ஆனால் தண்டவாளம் தோட்ட லயத்துக்கு ஏறாது. மாணவரின் சீசன் சீட்டு இ.போ.ச. பஸ்ஸுக்கே செல்லும், அது வராத பாதையில் சட்டைப் பையிற் கிடக்கும் காகிதமே. காலையும் மாலையும் ஒவ்வொரு தோட்டப் பாதைக்கும் அத்தகைய பஸ் ஒன்று வேண்டும் என்பது நமது கோரிக்கை. அந்த நாட்களில் நாம் சீட்டும் கையுமாக அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் நடந்தே பாடசாலைக்குப் போனோம்.