யத்ரிபுக்குச் சென்ற முதல் ஆசான்

இஸ்லாமிய ஆண்டு ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குகிறது. ஆதலால், அதற்கு முந்திய ஓராண்டில் யத்ரிப் நகரில் நிகழ்ந்த பணியை வரலாறு எழுதுவோர் பலர் ஓரிரு வரிகளில் கூறிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நகருள் அடியெடுத்து வைத்தபோது, அவர்களை வரவேற்கத் தெருவெல்லாம் மக்கள் திரண்டிருந்தனர். அம்மக்களுக்குக் கலிமாவையும் திருமறையையும் தொழுகையையும் கற்பித்து வைத்தவர் யார்? வாளேந்திய படையுமில்லை, பொருள் சுமந்த ஒட்டகங்களுமில்லை. மக்காவிலிருந்து தனித்துச் சென்ற ஓர் இளம் ஆசான்தாம் அவர்: ஹஜ்ரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள்.

கி.பி. 621-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில், மினாவை அடுத்த அகபா என்னும் கணவாயில் யத்ரிபைச் சேர்ந்த பன்னிருவர் பெருமானாரிடம் உறுதிமொழி அளித்தனர். பதின்மர் கஸ்ரஜ் குலத்தவர். இருவர் அவ்ஸ் குலத்தவர். ஊர் திரும்பும் அவர்களுக்கு மறை ஓதிக்கொடுக்கவும் மார்க்கம் விளக்கவும் அண்ணலார் தெரிந்தெடுத்து அனுப்பியது முஸ்அபைத்தான். குறைஷியரில் அப்துத்தார் கிளையில் பிறந்து, தாய் குனாஸின் செல்வச் செழிப்பில் வளர்ந்து, மக்காவிலேயே உயர்ந்த ஆடையும் நறுமணமும் அணிந்தவரெனப் பேசப்பட்டவர் அவர். அர்கமின் இல்லத்தில் இஸ்லாத்தைத் தழுவிய பின் பெற்ற தாயே அவரைச் சிறை வைத்தார். தப்பி அபிசீனியா சென்று, வறுமையைத் தோழமை கொண்டு திரும்பியவர். இழப்பதற்கு இனியொன்றும் இல்லாத நிலையில்தான் யத்ரிபுக்குப் புறப்பட்டார்.

அவர் சென்ற ஊரின் நிலையை அறிந்தாலன்றி அவருடைய பணியின் அருமை நமக்கு விளங்காது. அவ்ஸும் கஸ்ரஜும் ஒரு தாய் வயிற்று மக்களெனச் சொல்லத்தக்க உறவினர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒருவர் குருதியை ஒருவர் சிந்தி வந்தனர். ஹிஜ்ரத்துக்குச் சுமார் ஐந்தாண்டுகளுக்கு முன் புஆத் என்னுமிடத்தில் மூண்ட போரில் இருதரப்புத் தலைவர்களும் மாண்டனர். புண் இன்னும் ஆறவில்லை. புதிதாக ஈமான் கொண்டவர்களிடையேகூட, அவ்ஸ் குலத்தவர் முன்னின்று தொழுவிக்கக் கஸ்ரஜ் குலத்தவர் விரும்பவில்லை. கஸ்ரஜ் குலத்தவர் முன்னிற்க அவ்ஸ் குலத்தவரும் விரும்பவில்லை. அதனால்தான் முஸ்அப் இமாமாக நின்றார் என்று இப்னு இஸ்ஹாக் தெளிவாகவே குறிக்கிறார். அந்நியர் என்பதே அவருக்கு அங்குத் தகுதியாயிற்று என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அவர் தங்கியது கஸ்ரஜ் குலத்தவரான அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில். அங்கே அவருடைய வாரம் எவ்வாறு கழிந்தது என்பதை ஹதீஸ் நூல்களிலும் வரலாற்று ஏடுகளிலும் சிதறிக் கிடக்கும் செய்திகளைக் கோத்துப் பார்த்தால் ஒருவாறு கண்டுகொள்ளலாம்.

நாள்தோறும் ஐவேளைத் தொழுகை உண்டு. ஆனால் இன்று நாம் அறிந்த அடையாளங்கள் பல அன்றில்லை. பாங்கு இன்னும் ஏற்படவில்லை. நேரத்தைக் கணித்துத் தாமே கூடினர். மக்ரிபைத் தவிர மற்றவை இரண்டிரண்டு ரக்அத்துகளே. நான்காக உயர்ந்தது ஹிஜ்ரத்துக்குப் பின்னரே. கிப்லாவாக இருந்தது பைத்துல் முகத்தஸ். தொழுகைக்கு வெளியே அவருடைய பொழுதெல்லாம் ஓதிக்கொடுப்பதிலேயே சென்றது. அதனால் அவ்வூரார் அவருக்கு இட்ட பெயரே ‘முக்ரிஉ’, அதாவது ஓதுவிப்பவர் என்பது. ஏடு இல்லை, பலகை இல்லை. நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கே பாடம் சென்றது. பின்னர்க் கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களும் இப்பணியில் சேர்ந்துகொண்டார்கள். அன்று சிறுவராயிருந்த பராஃ இப்னு ஆஸிப் (ரலி), பெருமானார் மதீனா வருமுன்னரே ‘ஸப்பிஹிஸ்ம’ அத்தியாயத்தையும் அதைப் போன்ற சில அத்தியாயங்களையும் தாம் ஓதி முடித்திருந்ததாகப் பிற்காலத்தில் கூறினார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த ஆசானுடைய உழைப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வீட்டிலிருந்து கற்பிப்பதோடு அவர் நிற்கவில்லை. குடியிருப்புக் குடியிருப்பாகச் சென்றார். ஒருநாள் அஸ்அத் அவரை அவ்ஸ் குலத்தாரின் பகுதிக்கு அழைத்துச் சென்று, ளஃபர் கிளையாரின் தோட்டமொன்றில் கிணற்றருகே அமர்த்தினார். செய்தி எட்டியதும் தலைவர் ஸஅத் இப்னு முஆத் சினங்கொண்டார். அஸ்அத் அவருக்குத் தாய்வழியில் சிறிய தாயார் மகன். உறவு தடுத்ததால் தாம் செல்லாமல், தம் நண்பர் உஸைத் இப்னு ஹுளைரை அனுப்பினார். இந்த உஸைத் யார்? புஆத் போரில் அவ்ஸ் படையை நடத்தி வீழ்ந்த ஹுளைரின் மகன். தந்தையைப் பறித்த பகைக்குலத்தான் ஒருவன், ஊர்பேர் தெரியாத மக்காவாசி ஒருவரைக் கூட்டிக்கொண்டு தன் வாசலிலேயே வந்து அமர்ந்திருக்கிறான்! ஈட்டியுடன் வந்து நின்ற உஸைத், எளியவர்களைப் பேதையராக்க வந்தீர்களோ என்று ஏசி, உயிர்மேல் ஆசையிருந்தால் ஓடிவிடுங்கள் என்று மிரட்டினார்.

முஸ்அப் அஞ்சவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. சற்றே அமர்ந்து கேளுங்கள். பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீங்கள் வெறுப்பதை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம் என்றார். இது நியாயமான பேச்சு என்று ஒப்புக்கொண்டு உஸைத் ஈட்டியை மண்ணில் நாட்டிவிட்டு அமர்ந்தார். குர்ஆனைக் கேட்டார். முகம் மலர்ந்தது. இம்மார்க்கத்தில் சேர்வதற்கு என்ன செய்யவேண்டும் என்று வினவி, குளித்து, ஆடை தூய்மை செய்து, கலிமா மொழிந்து, இரண்டு ரக்அத் தொழுதார். பிறகு, ஸஅத் வருவதற்கு அவரே வழிசெய்தார். ஸஅதும் அவ்வாறே சினத்தோடு வந்து, அதே சொல்லைக் கேட்டு, அவ்வாறே அமர்ந்தார். அன்று மாலைக்குள் அப்துல் அஷ்ஹல் கிளையில் ஆண் பெண் அனைவரும் இஸ்லாத்தைத் தழுவினர். ஒருவரே எஞ்சினார்: உஸைரிம் எனப்படும் அம்ர் இப்னு ஸாபித். அவர் மறுத்தார், அவரை எவரும் வற்புறுத்தியதாகச் செய்தியில்லை.

வாரத்தின் சிகரம் வெள்ளிக்கிழமை. அந்நாளை அரபியர் ‘அரூபா’ என்றழைத்தனர். யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் ஏழு நாட்களில் ஒருநாள் உண்டு; நாமும் ஒருநாள் கூடி இறைவனை நினைவோமே என்று அன்ஸாரிகள் எண்ணியதாக இப்னு ஸீரீன் அறிவிக்கிறார். கஸ்ரஜ் குலத்தின் பயாளா கிளையாருக்குரிய கருங்கல் நிலத்தில் அஸ்அத் மக்களைக் கூட்டியதாகவும், அன்று தாம் நாற்பதுபேர் இருந்ததாகவும் கஅப் இப்னு மாலிக் (ரலி) கூறியது அபூதாவூதில் உள்ளது. புஆதில் கஸ்ரஜ் படையை நடத்தி மாண்ட தலைவர் இந்தப் பயாளா கிளையினரே. முஸ்அப் அண்ணலாரின் அனுமதி பெற்று ஜும்ஆ நடத்தியதாக இப்னு ஸஅத் எழுதுகிறார். இரண்டும் முரணல்ல, கூட்டியவர் அஸ்அத், தொழுவித்தவர் முஸ்அப் என்று அறிஞர் இணைத்துரைப்பர். வந்தவர்களுக்கு உணவாக அறுக்கப்பட்டது ஒரே ஓர் ஆடு.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் மக்கள் ஜும்ஆவுக்கு நாற்பதுபேர் தேவையெனக் கொள்வதற்கு எடுத்துக்காட்டப்படும் சான்றுகளுள் ஒன்று இந்தக் கஅப் அவர்களின் அறிவிப்புத்தான். இமாம் நீங்கலாக மூவர் போதுமெனும் ஹனபிகள் அந்த எண்ணிக்கையை நிபந்தனையாகக் கொள்ளவில்லை. எவ்வாறாயினும், நம் கடலோரப் பள்ளிகளில் ஆட்களை எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கருங்கல் நிலத்தை நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். பார்வை இழந்த முதுமையில் கஅப் அவர்கள் ஜும்ஆ பாங்கைக் கேட்கும்போதெல்லாம் அஸ்அதுக்காகத் துஆச் செய்தார்கள். காரணத்தை மகன் கேட்டபோதுதான் இவ்வரலாறு வெளிவந்தது.

622-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது முஸ்அப் மக்கா திரும்பினார். தாயை நாடாமல் முதலில் பெருமானாரிடமே சென்றார். அவ்வாண்டு அகபாவில் உறுதிமொழி அளித்தோர் எழுபத்து மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் ஆவர். ஓராண்டுக்குமுன் பன்னிருவர், இப்போது எழுபத்தைவர். ஹிஜ்ரத்தின் வாசல் திறந்தது.

ஹிஜ்ரி 3-இல், அதாவது 625-இல், உஹுதுப் போரில் கொடியேந்தி நின்ற முஸ்அப் ஷஹீதானார். நாற்பதை ஒட்டிய வயது என்பர். மக்காவின் பட்டாடைகளை அணிந்த அவ்வுடலுக்குக் கபனாகக் கிடைத்தது ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களில் இத்கிர்ப் புல்லைப் பரப்பினர். அதே உஹுது நாளில்தான் உஸைரிமும் தாமாகவே ஈமான் கொண்டு, வாளேந்தி வந்து, ஒருவேளைத் தொழுகையும் தொழாத நிலையில் ஷஹீதானார். தோட்டத்தில் முஸ்அப் அளித்த வாக்கு வீண்போகவில்லை. பிடிக்காதவரை விட்டுவிடுகிறோம் என்றார். விடப்பட்டவர் சில ஆண்டுகள் கழித்துத் தம் காலாலேயே நடந்து வந்தார்.

யார் இமாமாக நிற்பது என்னும் வழக்கினால் பிளவுண்ட மஹல்லாக்களை நம் நாட்டில் நாம் கண்டிருக்கிறோம். பிற ஊரிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் இளம் ஆலிம்களை இருதரப்பும் தத்தம் பக்கம் இழுப்பதையும் காண்கிறோம். யத்ரிபில் வந்தவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. வீடு கொடுத்த அஸ்அத் அவரைத் தம் குலத்துக்குரிய ஆளாக்கிக்கொள்ளவுமில்லை. பகைக்குலத்தின் தோட்டத்துக்கே அழைத்துச் சென்றார். ஆசானுக்கு நேர்மையும் அழைத்தவருக்குப் பெருந்தன்மையும் ஒருசேர வாய்த்ததால்தான், அவ்ஸும் கஸ்ரஜும் என்றிருந்த ஓர் ஊர் அன்ஸாரிகள் என்னும் ஒரே பெயரைப் பெற்றது. ஓதிக்கொடுக்க வருபவரை நம் வீட்டில் அமர்த்தும்போது, அவரை ஊருக்கெல்லாம் உரியவராக விட்டுவைப்பது நம் கடமை.