இடிந்த வீட்டில் குடியிருக்கும் கிருமி

பாரீஸ் நகரம் வரிச்சிக்குடி மக்களாகிய நமக்கு அந்நியமானதன்று. காரைக்கால் பகுதி 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், நம்மவர் பலர் அங்கே குடியேறியுள்ளனர். அந்நகரின் பாஸ்டர் நிறுவனத்திலே, தமிழகத்தின் பெயரைத் தாங்கிய கிருமியொன்றும் வரலாற்றில் இடம்பெற்றது.

தொழுநோய் சாபமன்று, பரம்பரைக் குறையுமன்று. அது ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873இல் வெளிப்படுத்தினார். ஆயினும் அக்கிருமியை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்க்க எவராலும் இயலவில்லை. அர்மடில்லோ என்னும் ஓடுடைய அமெரிக்க விலங்கின் உடலில் அது பெருகும் என்று 1971இல் அறியப்பட்ட பின்னரே போதிய கிருமிகள் கிடைத்தன. தமிழகத்துத் தொழுநோயாளர் ஒருவரின் உடலிலிருந்து எடுத்த கிருமி இவ்விலங்கில் வளர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகளால் அதற்கு 'டி.என்.' என்று பெயரிட்டனர். ஸ்டூவர்ட் கோல் தலைமையிலான பாஸ்டர் நிறுவனத்தார், இங்கிலாந்தின் சேங்கர் மையத்தாருடன் இணைந்து, அதன் மரபுத்தொகுதி முழுவதையும் வாசித்து 2001இல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. 1998இல் வாசிக்கப்பட்ட காசநோய்க் கிருமி இதற்கு நெருங்கிய உறவு. அதன் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும் 4,000 மரபணுக்களும் உள்ளன. தொழுநோய்க் கிருமியிலோ எழுத்துகள் சுமார் 33 லட்சமே. அவற்றுள் செயற்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600. செயலிழந்து எச்சமாய்க் கிடப்பவை 1,100க்கும் மேல். இரு கிருமிகளுக்கும் பொதுவான மரபணு வரிசைகள் ஏறக்குறைய 65 துண்டுகளாகப் பிரிந்து, இடம் மாறிக் கிடந்தன. ஒரே நூலின் பக்கங்களைப் பிரித்து, வேறு வரிசையில் கட்டியது போன்ற நிலை அது.

காரணம் யாது? மனித உயிரணுவுக்குள் ஒண்டி வாழப் பழகிய கிருமிக்குப் பல திறன்கள் தேவையற்றுப் போயின. பயன்படாத மரபணுக்களில் பிழைகள் சேர்ந்தன. அவற்றைக் களையும் நெருக்கடி எழவில்லை. பல அறைகள் இடிந்த வீட்டில், எஞ்சிய அறைகளில் குடியிருப்பவனைப் போன்றது இக்கிருமி. அதனால்தான் தட்டில் வளர மறுக்கிறது. ஒருமுறை இரட்டிப்பதற்கும் ஏறக்குறைய இரு வாரம் கொள்கிறது.

2009இல் பிரேசில் நாட்டுக் கிருமியோடு நம் டி.என். கிருமி ஒப்பிடப்பட்டது. இரண்டும் 99.995 விழுக்காடு ஒத்திருந்தன. ஆகவே இந்நோயை ஓர் இனத்தின் இழிவாகவோ ஒரு குடும்பத்தின் பாவமாகவோ பேச அறிவியலில் இடமேயில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் இந்நோயை நீக்குகிறது. நம் நாட்டில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற விதி 2019 வரை நம் சட்டங்களில் நீடித்தது. அவ்வாண்டில்தான் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களிலிருந்து அது நீக்கப்பட்டது.

பொருளிழந்த எழுத்துகளைச் சுமந்து திரிவது கிருமி மட்டுமன்று என்பதை இதனால் உணர்கிறோம். சட்டத்தில் அழிந்த சொல் நம் திருமணப் பேச்சுகளிலும் அழிய வேண்டும். உலகின் ஆய்வுக்கூடங்கள் பயன்பெறத் தம் நோயையே கொடையாக்கிய அந்தத் தமிழர் நமக்குப் பெயரறியாதவர். நம் தெருவில் குணமடைந்து திரும்பும் ஒருவருக்கு நம் திண்ணையில் இடமளிப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.